தாழ்ப்பாள் இல்லாத கதவு

ஜூன் 14
போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். விடுதிக் குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் உடைந்துவிட்டது. கதவு தானாக உள்பக்கம் திறந்துகொள்கிறது. மகாராணி குளிக்கும்போது வெளியே நின்று அதை இழுத்துப் பிடிப்பது இனி என் வேலை. மகாராணி, நான் மனசுக்குள் வைத்த பெயர். காதில் விழுந்தால் தொலைந்தேன்.

“நாம ஒரே வகுப்புதானே?” என்று அவளிடம் கேட்டுவிட்டேன்.

“வகுப்புல சரி. ஹாஸ்டலுக்கு நான் போன வருஷமே வந்துட்டேன். இங்க நீ ஜூனியர். அக்கான்னு கூப்பிடு.”

ஜூன் 19
ஜூனியர் என்றால் கட்டிலில் உட்காரக் கூடாது. ஜூனியர் என்றால் வெந்நீர் தீர்ந்த பிறகு குளியல். சீனியர்கள் சிரித்த பிறகுதான் சிரிக்கலாம்.

ஜூன் 23
நான் குளிக்கும்போது யாரும் பிடிப்பதில்லை. ஒரு கை கதவில், ஒரு கையில் குவளை. இன்று சோப்பு நழுவியது, குனிந்தேன். கதவு திறந்துகொண்டது. வெளியே வரிசையில் எல்லோரும்.

“அடடா, ஜூனியர் தரிசனம்,” என்றாள் மகாராணி.

ஜூன் 24
குளிக்கவில்லை.

ஜூன் 30
அப்பா போன் செய்தார். சொல்லிவிடத்தான் நினைத்தேன். “இங்க ஜூனியருங்கள...” என்று ஆரம்பித்ததுமே சிரித்தார்.

“உங்கப்பனுக்குத் தலையே நரைச்சாச்சு, இன்னும் ஜூனியர் அசிஸ்டென்ட்தான். எங்க ஆபீசருக்கு உங்க அண்ணன் வயசு. அவர் பையைக் கார் வரைக்கும் நான்தான் தூக்கிட்டுப் போறேன். கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா.”

அப்பாவுமா? அப்படியென்றால் யாரிடம்தான் சொல்வது?

ஜூலை 8
வார்டன் வந்து நின்றார். “ஏன்டி கதவைப் பிடிச்சுட்டு நிக்கிற? யாராவது நிக்கச் சொன்னாங்களா?”

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது, “சும்மாதான் மேடம்.”

அவர் போனதும் உள்ளேயிருந்து ஒரு குரல் — “நல்ல பொண்ணு.”

அதைக் கேட்டு எனக்கு ஏன் சந்தோஷமாக இருந்தது? சீ.

ஆகஸ்ட் 3
சின்ன வகுப்புப் பெண் ஒருத்தி புதிதாக வந்திருக்கிறாள். தலையணையில் முகத்தைப் புதைத்து அழுகிறாள். மகாராணி என்னைக் காட்டி அவளிடம், “இவளும் உனக்கு அக்காதான், தெரிஞ்சுக்கோ,” என்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 5
குளிக்கப் போனேன். உள்ளே நின்று வழக்கம்போலக் கதவில் கை வைத்தேன். அது அசையவில்லை. வெளியிலிருந்து யாரோ இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

“நான்தான்க்கா.”

நான் அவளை நிற்கச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. ‘நீ போ’ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

தண்ணீர் இன்று சூடாக இருந்தது. இரண்டு கைகளாலும் தலை தேய்த்துக் குளித்தேன்.