மூன்றாவது கல்வட்டம்

அம்மா,

கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே, போலீசுக்கும்கூட. போலீஸ் வந்தால் துப்பாக்கியை எடுப்பேன் என்கிறார் அப்பா. டெய்ல் மாமாவை மட்டும் அழைத்து வா.

ஞாயிற்றுக்கிழமை என்னை உன்னிடம் விட்டுவிடுவதாகச் சொன்னவர், நெவாடா பாலைவனத்தில் வண்டியை நிறுத்திவிட்டார். “அரசாங்க நிலம், கண்ணு. வாடகை கிடையாது, பேரும் கேக்க மாட்டாங்க.”

இன்று பக்கத்து டிரெய்லர் வீட்டு டோரீன் ஆன்ட்டி காபியோடு வந்தார்.

“பள்ளிக்கூடம் தொறந்தாச்சே, இவ போகலயா?”

“பாலைவனந்தான் இவளுக்குப் பள்ளிக்கூடம்.”

“அப்ப வாத்தியாரு பாம்பா?”

அப்பாவும் சிரித்தார். ஆன்ட்டி போனதும் அப்பா எங்கள் வண்டியின் நம்பர் பலகையைக் கழற்றினார்.

ஒரே இடத்தில் பதினான்கு நாள்தான் தங்கலாமாம். அடுத்த வெள்ளிக்கிழமை வேறிடம் போய்விடுவோம், அதற்குள் வா. டோனோப்பா ஊருக்குக் கிழக்கே தார்ச்சாலை முடியுமிடத்தில், மாடு தாண்டாமலிருக்கத் தரையில் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்திருக்கும். அங்கிருந்து, முன்பு தங்கியவர்கள் நெருப்பு மூட்டிய கல்வட்டங்களை எண்ணிக்கொண்டே வா. மூன்றாவதில் நாங்கள். ஹாரன் அடிக்காதே.

ஆன்ட்டி நாளை தபால் போட ஊருக்குள் போகிறார். அவருடைய கடிதங்களுக்குள் இதைச் செருகிவிடுவேன். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், அழவில்லை, நீயும்

யாரோ வண்டிக் கதவைத் தட்டுகிறார்கள். அப்பா தட்டமாட்டார். வெளியே பூட்டிய சாவி அவரிடம்தான் இரு