லீடர் நடத்திய பாடம்

நவம்பர் 11, செவ்வாய்

எம்.எட். ஆய்வுக்காக என் வகுப்பை நானே பதிவு பண்ணி, நானே ஆராயணும். இன்னைக்கு ஏழாம் வகுப்பு மேசையில போனை ஓடவிட்டு நடத்தினேன். நடுவுல ஹெச்.எம். கூப்பிட்டார். வழக்கம்போல லீடர் செல்விகிட்ட குச்சியைக் கொடுத்துட்டுப் போனேன். போனை மறந்துட்டேன்.

ஜெகதாப்பட்டினத்துல பஸ் ஏறினதும் இயர்போன் மாட்டிக் கேட்டேன். என் குரல்தான்னு நெனச்சேன். செல்வி! அதே இழுவை, அதே செருமல்.

"ஏய் ராஜ்குமாரு, எந்திரி. ஒங்கப்பன் இலங்கை ஜெயில்ல கெடக்கான், ஒனக்கு என்னடா சிரிப்பு?"

போன வாரம் நான் அவனைக் கேட்டது, ஒரு சொல் மாறல. வகுப்பே சிரிக்குது. "அப்படியே டீச்சர்டி!"ங்குது ஒண்ணு.

கொஞ்ச நேரம் கழிச்சு அவன் குரல்: "உக்காரட்டுமா டீச்சர்?"

"பெல் அடிக்கிற வரைக்கும் நில்லு."

நான் திரும்பி வந்தப்பவும் அவன் நின்னுட்டுத்தான் இருந்தான். ஏன்னு நான் கேக்கல.

பதிவை முழுசா எழுதித் தரணும்னு கைடு சொல்லியிருக்கார். அந்த இடத்தை மட்டும் வெட்டிட்டேன். அத்தியாயத் தலைப்பு 'அன்பான வகுப்பறை'. அது அப்படியே இருக்கட்டும்.

நாளைக்கு மொத வேலையா லீடரை மாத்தணும். இந்த வயசுலயே இவ்வளவு ஈவிரக்கமில்லாத புள்ளை!