பீப்பாயின் அடிப்புளி

மேல்மலை,
வைகாசி 6, 1983

அன்புள்ள தம்பி அர்ச்சுனனுக்கு அக்கா பச்சையம்மா எழுதுவது.

படித்ததும் முதலில் அம்சவல்லியைக் கூப்பிடு. பிள்ளை பெற்றவளுக்கு ஆகும் என்று நான் அனுப்பிய பழம்புளியைத் தொடாதே என்று சொல். அடுப்பில் ரசம் இருந்தால் இறக்கிக் கொட்டு. மீதியை அப்புறம் படி.

பாலாறு கடலில் சேரும் இடத்துச் சேற்றில் குரோமியம் என்கிற விஷம் கிடக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறோம், ஒத்துப் பார்க்கக் கம்பெனியே இல்லாத நம் மலை ஓடைச் சேறு வேண்டும் என்று எழுதியிருந்தாய். நானே அள்ளித் துணியில் கட்டி அனுப்பினேன். இப்போது அதில்தான் அதிகம் என்கிறாய். "உங்க அக்கா வாணியம்பாடி தோல் கம்பெனி கால்வாயில அள்ளிட்டாங்களா?" என்று உன் ஆபீஸ் ஐயா சிரித்தாராம். நான் அள்ளியது பாறைக்குக் கீழே, புளிப் பீப்பாய் கழுவுகிற இடத்தில்.

கடிதத்தை வைத்துவிட்டுப் பீப்பாயைக் கவிழ்த்தேன். அடி விளிம்பில் மஞ்சள் தூள் இன்னும் ஒட்டியிருக்கிறது. தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தபோது, தோலுக்குப் போடும் மருந்து வந்த காலிப் பீப்பாய் சும்மா கொடுத்தார்கள் என்று உன் மாமா ஆலங்காயத்திலிருந்து சுமந்து வந்தாரே, அதுதான். பக்கத்துத் தெரு செல்லியம்மா வீட்டிலும் அதே மாதிரி ஒன்றில்தான் புளி இருக்கிறது.

செந்தாமரைக்கு வாந்தி வந்தபோது, மருந்துக்குப் பழம்புளிதான் நல்லது என்று அடியில் சுரண்டிக் கரைத்துக் கொடுத்தேன். "எரியுதும்மா" என்றாள். புளிப்புக்கு எரியும், கண்ண மூடிக்கினு குடிச்சிடு என்றேன். நிற்கவில்லை என்று மறுபடியும் கரைத்தேன். மூன்றாம் நாள் வாயெல்லாம் புண்ணோடு என் பிள்ளை போய்விட்டாள்.

செல்லியம்மா வீட்டுக்கு ஓடிப்போய் அவள் பீப்பாயைத் தள்ளிவிட்டேன். "பொண்ணு போனதுல இதுக்குப் புத்தி கலங்கிடுச்சி, பீப்பா மேல இன்னா கோவம்?" என்று ஊரைக் கூட்டிவிட்டாள். சிந்தியதை எல்லாம் அள்ளித் திரும்ப அதிலேயே போட்டுக்கொண்டாள். அவள் வீட்டில் மூன்று பிள்ளைகள். உன் ஆபீஸ் ஐயாவைக் கூட்டிக்கொண்டு வா. என் பேச்சு இங்கே எடுபடாது, அவர் சொன்னால் கேட்பார்கள்.

உன் மாமாவிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. நீயும் தனியாக எழுதாதே. பீப்பாய் வந்த அன்று செந்தாமரையை அதற்குள் இறக்கிவிட்டு, தட்டித் தட்டிச் சிரிக்கவைத்தார்.

அந்தப் புளியை ஆற்றில் கொட்டாதே. குழி தோண்டிப் புதை. அம்சவல்லியும் பால் குடிக்கிற பிள்ளையும் நூறு வருஷம் நல்லா இருக்கணும். அவள் வாயில் புண் இல்லை என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, உடனே போடு.

தபால்காரர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அக்கா பச்சையம்மா