கேடயத்துக்குள் இருக்கும் முகம்

ரஜ்ஜோவின் அப்பாவுக்கு,

கோபத்தில் ஆக்ராவுக்குக் கிளம்பியவர் கேமராவை மறந்துவிட்டீர்கள். அதனால் இந்த வருஷம் பர்சானாவின் ஹோலியை நான்தான் படம் எடுத்தேன். சிரிக்காதீர்கள்.

வழக்கம்போல பக்கத்து ஊர் நந்தகாவ் ஆண்கள் நம்மூர்ப் பெண்களிடம் தடியடி வாங்க முண்டாசு கட்டிக்கொண்டு வந்தார்கள். சந்து முழுக்கக் கூட்டம், வண்ணப்பொடி. என் மூக்குத்திகூடப் பச்சையாகிவிட்டது. முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு எடுத்தேன். படத்தில் விழுந்ததெல்லாம் கேடயம்! ஒவ்வொருவனும் குந்தி உட்கார்ந்து அதைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொள்கிறான். முகம் எங்கே கிடைக்கும்? உங்கள் பழைய ஹோலிப் படங்களிலும் முகமே இல்லை, கேடயம்தான் இருக்கிறது என்று நான் சொன்னதற்குத்தானே மூட்டை கட்டினீர்கள்?

என் ஓரகத்தி பிரேம்வதி ஒரு தடியனைப் போட்டு மொத்திக்கொண்டிருந்தாள். "அக்கா, கொஞ்சம் நிறுத்துங்க!" என்றேன்.

"நிறுத்தவா? இப்பத்தான்டி கை சூடு பிடிச்சிருக்கு!" என்றாள். ஆனாலும் நிறுத்தினாள்.

அடி நின்றதும் கேடயம் மெல்ல விலகியது. மீசையெல்லாம் சிவப்புப் பொடியோடு ஒரு முகம் எட்டிப் பார்த்தது. "என்ன அண்ணி, அதுக்குள்ள களைச்சுட்டீங்களா?" என்று பல்லைக் காட்டியது. எடுத்துவிட்டேன்!

அப்புறம் சாயங்காலம் வரை அதே தந்திரம்தான். அவள் அடிப்பாள், நிறுத்துவாள், நான் எடுப்பேன். ஒரு முகம்கூடச் சிரிக்காமல் இல்லை.

நானும் என் சொல்லடியை நிறுத்திவிட்டேன், தெரியுமா? நீங்கள் போன அன்றைக்கே. இன்னும் எதற்குக் கேடயத்துக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

இப்படிக்கு,
கேமராவும் கையுமாக வாசலில் நிற்பவள்