பாஸாகாதவர்களுக்கு ஒரு போன்

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் இன்று காலையில் மாதிரி பேனரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். மேசைமேல் விரித்ததும் காயாத மையின் நெடி அறை முழுக்கப் பரவியது. அந்த நெடி உனக்கு ஆகவே ஆகாது. முக்காட்டு நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மொதல்ல அத வெளிய காயப் போடுங்கண்ணே, அப்பறம் பேசுவோம்" என்பாய். இன்று அப்படிச் சொல்ல ஆளில்லை. நான் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

"பாஸான பிள்ளைக போட்டோவ எங்கன வைக்க மேடம்? மேல எடம் விட்ருக்கேன்" என்றார் அவர். போட்டோ எதுவும் இல்லை என்றேன். "போட்டோ இல்லாம ஒரு கோச்சிங் சென்டரா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "அக்காவும் இப்படித்தான் சொல்வாக" என்று முணுமுணுத்தபடி பேனரைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

நீ போன பிறகு வரும் முதல் ரிசல்ட் இது. மத்தியானம் வரும் என்கிறார்கள். அதற்குள் உன்னிடம் கொஞ்சம் பேசிவிட வேண்டும் போலிருக்கிறது, எழுதுகிறேன்.

கம்பத்தில் அந்தப் பள்ளியில் நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்து வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தோம். அங்கே என்னை "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தவள் கடைசி வரை அதை மாற்றவே இல்லை. வேலையை விட்டுவிட்டு அரசு வேலைத் தேர்வுகளுக்குப் பயிற்சி மையம் தொடங்கலாம் என்று முதலில் சொன்னவள் நீ. உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உரக்கடை மாடியைப் பார்த்து வைத்தவளும் நீதான். "பாடத்த நீங்க பாத்துக்கங்க டீச்சர். வாசல நான் பாத்துக்கிறேன்" என்றாய். வாசலைப் பார்த்துக்கொள்வதில் அப்படி என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

சேர வந்தவர்களிடம் நீ மார்க் கேட்கமாட்டாய். "உங்க ஊர்ல கொழா தண்ணி எப்ப வருது?" என்று கேட்பாய். வந்தவர்கள் விழிப்பார்கள். காலையில் தண்ணீர் வரும் ஊர்ப் பெண்களால் காலை வகுப்புக்கு வரமுடியாது, சேர்ந்தாலும் ஒரு மாதத்தில் நின்றுவிடுவார்கள் என்பது உன் கணக்கு. கூடலூர் பஸ் எப்போது, களையெடுப்பு எந்த வாரம், யார் வீட்டில் மாமியாருக்கு முடியவில்லை என்பதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் வகுப்பு நேரத்தை எனக்குச் சொல்வாய். மற்ற மையங்களில் பாதியில் நிற்பவர்கள் அதிகம். நம்மிடம் நின்றவர்கள் குறைவு. என் பாடம்தான் காரணம் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டேன். நீயும் அதைத் திருத்தவில்லை.

கூடலூரிலிருந்து மகளை அழைத்து வந்த அம்மா ஒருவர் ஞாபகம் இருக்கிறதா? "சேத்துவிட்டா வேலை கெடைச்சிருமா?" என்று கேட்டார். கிடைத்துவிடும் என்று சொன்னால் அங்கேயே சேர்த்திருப்பார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அதச் சொல்ல நான் யாரு ஆத்தா? ஒழுங்காப் படிக்க வைப்போம். வராத அன்னிக்கு ஏன் வரலன்னு போன் போடுவோம். அம்புட்டுத்தான் நம்ம கையில இருக்கு" என்றாய். அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வரவும் இல்லை. நீ வாசல் வரை போய், படியில் பார்த்து இறங்கச் சொல்லிவிட்டு வந்தாய்.

பழனிசெட்டிபட்டியில் அந்தப் பெரிய நிறுவனம் கிளை திறந்த வருஷம் நமக்குச் சோதனையாக அமைந்தது. ஏசி அறை, வரிசையாக முகங்கள் சிரிக்கும் பேனர்கள். நம் மாலை வகுப்பு பாதியாகிவிட்டது. உரக்கடை மாடியைக் காலி செய்யும்படி ஆகிவிடுமோ என்று எனக்குத் தூக்கம் போயிற்று. விளம்பர ஆலோசனை சொல்ல மதுரையிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். நல்ல பையன், விஷயம் தெரிந்தவன். சில இடங்களே மிச்சம் என்று தினமும் வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும், மாதிரித் தேர்வு மட்டும் எழுதிவிட்டுப் போனவர்களின் போட்டோவையும் நம் மாணவர்கள் என்று போடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றான்.

நீ டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாய். பிறகு, "தம்பி, பாஸாகாதவகளுக்கு என்ன அனுப்பணும்?" என்றாய்.

"அவங்களை லிஸ்ட்ல இருந்து எடுத்துருவோம்க்கா. அவங்க நமக்கு லீட் இல்ல."

லீட் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டாய். இனி சேர வாய்ப்புள்ள ஆள் என்று சொன்னேன்.  "நமக்குச் சரிப்படாது தம்பி. கோவிச்சுக்கிறாதீக. டீயக் குடிச்சிட்டுப் போங்க" என்றாய்.

அன்று நமக்குள் பெரிய சண்டை. "நல்ல பேர வச்சு வாடகை குடுக்க முடியுமா?" என்று நான் கத்தினேன். நீ ஜன்னல் வழியே சுருளி அருவிப் பக்கத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்த வருஷ ரிசல்ட் வந்த அன்று நீ வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து போனை எடுத்தாய். பாஸானவர்களுக்கு நீ போட்டதே இல்லை. "அவகளுக்கு ஊரே போன் போடும். நம்ம மத்தவகளுக்குப் போடுவோம்" என்பாய். ஒவ்வொருவராகப் பேசினாய். அறிவுரை கிடையாது, அடுத்த வகுப்பு பற்றிப் பேச்சே கிடையாது. "வீட்ல யாரு இருக்கா? சாப்பிட்டியா? சரி, அழு, நான் இருக்கேன்." அவ்வளவுதான்.

அனுமந்தன்பட்டி சுருளீஸ்வரியின் போன் மட்டும் அணைந்து கிடந்தது. கைக்குழந்தையோடு படித்தவள். கணவன் திராட்சைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கப் போகிறவன். ஒரு சில கேள்விகளில் அவளுக்குத் தவறிப்போயிருந்தது. நீ திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாய். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாய். "வாங்க டீச்சர், போயிட்டு வந்துருவோம்."

வீட்டு வாசலில் அவள் மாமியார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நாம் யாரென்று தெரிந்ததும் குரல் உயர்ந்துவிட்டது.

"அவளக் கெடுத்தது பத்தாதா? மறுபடியும் ஆள் புடிக்க வந்துட்டீகளாக்கும்? பொஸ்தகமும் கையுமா அலைஞ்சு என்னத்தக் கண்டா?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. திரும்பிவிடலாம் என்று உன் கையை இழுத்தேன். நீ செருப்பைக் கழற்றிவிட்டு, "ஆள் புடிக்க வரல ஆத்தா. சுருளியப் பாத்துட்டுப் போயிருவோம். வெயில்ல வந்தது நாக்கு வறண்டு போச்சு, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாய். தண்ணீர் கேட்டவளை அவரால் விரட்ட முடியவில்லை. செம்பை எடுக்க உள்ளே போனார். நீயும் பின்னாலேயே போனாய்.

சுருளீஸ்வரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நீ தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாய். வெகுநேரம் பேசவில்லை. கடைசியில் அவள்தான் கேட்டாள், "நான் மக்குதானக்கா?"

"மக்குன்னா இம்புட்டுக் கிட்ட வந்துருப்பியா? கணக்கு பூரா சரியாப் போட்ருக்க. தமிழ்லதான் விட்டுட்ட. இன்னொரு தடவ எழுதுறதும் விடுறதும் ஓம் பிரியம். நம்ம சென்டருக்குத்தான் வரணும்னு இல்ல. லைப்ரரில உக்காந்து படிச்சாலும் போதும். சந்தேகம் வந்தா டீச்சருக்குப் போன் போடு. அதுக்குக் காசு இல்ல."

செம்போடு நின்ற மாமியார் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.  நாம் கிளம்பியபோது தெருமுனை வரை நம் பின்னால் நடந்து வந்தார்.

திரும்பும் வழியில் நான் பொறுக்கமாட்டாமல், "இருக்கிற ஆளையும் லைப்ரரிக்கு அனுப்பிட்ட" என்றேன். நீ வண்டியை வாய்க்கால் ஓரம் நிறுத்தினாய். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் முதல்முறையாக அதைச் சொன்னாய். கல்யாணத்துக்கு முன்பு நீயும் ஒரு மையத்தில் படித்தாய், எழுதினாய், கிடைக்கவில்லை. ரிசல்ட் வந்த அன்று அந்த மையத்துக்குப் போன் போட்டாய்.

"எடுத்தாக டீச்சர். பின்னால ஒரே மேளச் சத்தம். பாஸானவகளுக்கு மாலை போட்டுக்கிட்டு இருந்தாக. என் பேரச் சொன்னேன். அப்பறம் பேசுறோம்னு வச்சிட்டாக. அப்பறம் அவக பேசவே இல்ல. எங்க அத்தாவும் அம்மாவும் வர்ற வரைக்கும் அந்தப் போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

முக்காட்டைச் சரி செய்துகொண்டாய். "வருவா, வரமாட்டா, அது வேற. இன்னிக்குப் பொழுது அவளுக்கு நல்லபடியாக் கழியணும்" என்று வண்டியைக் கிளப்பினாய். இத்தனை வருஷம் உன்னோடு இருந்தும் இதை நான் கேட்டறியாமல் இருந்திருக்கிறேனே என்று பின்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன்.

சுருளீஸ்வரி நம்மிடம் திரும்பி வரவில்லை. அரசு வேலையும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்த வருஷம் நம் மையம் சட்டென்று நிமிர்ந்துவிடவும் இல்லை. ஒரு வகுப்பறையைக் குறைத்துக்கொண்டு சமாளித்து ஓட்டினோம். மெதுவாகத்தான் ஆள் வந்தார்கள், பெரும்பாலும் யாராவது சொல்லி அனுப்பியவர்கள். "அக்காவப் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே படியேறி வருவார்கள்.

சில வருஷம் கழித்து உனக்கு வயிற்று வலி என்று ஆரம்பித்தது. மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாய். கடைசியில் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் நான் வந்தபோது உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டம்மா மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். யாரென்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. சுருளீஸ்வரியின் மாமியார். பஸ் ஏறி வந்து, தெருவில் விசாரித்து வந்திருக்கிறார். பையில் பன்னீர் திராட்சை.

"அன்னிக்கு வாய்க்கு வந்தபடி ஏசிப்புட்டேன் தாயி. மறுநாளு சுருளிதான் வெளக்கிச் சொன்னா. குடிக்கிறதுக்குப் பூச்சிமருந்து டப்பாவக் கையில எடுத்து வச்சிருந்தாளாம். வாசல்ல ஓங் கொரலக் கேட்டுத்தான் கீழ வச்சாளாம்."

 நீ திராட்சையில் ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாய். விழுங்க முடியாது என்று தெரிந்தும் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாய். "இப்ப எப்படி இருக்கா?" என்றாய். பால் சொசைட்டியில் வேலைக்குப் போகிறாள், மகன் பள்ளிக்கூடம் போகிறான் என்றார். நீ கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாய்.

உன்னைப் பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போன அன்று நான் தெருமுனையில் நின்றேன். அதற்கு மேல் பெண்கள் போவதில்லை. ஆண்கள் ஓதிக்கொண்டு வேகமாக நடந்தார்கள். கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது முன்னறைக்கு ஒரு பெண்ணை வைத்திருக்கிறேன். நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனாலும் பாடத்தின் நடுவே உன் சிரிப்புச் சத்தம் வருமென்று என் காது போய்விடுகிறது. ஒரு வகுப்பு நன்றாக அமைந்தால், அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். எத்தனையோ முறை "இன்னிக்கு எப்படி நடத்துனேன்?" என்று உன்னிடம் கேட்டிருக்கிறேன். ஒருமுறையாவது, "உனக்கு இன்னிக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டிருக்கலாம்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ரிசல்ட் வந்துவிட்டது. எழுந்துபோய், முன்னறையிலேயே விட்டு வைத்திருக்கும் உன் போனை எடுத்துவந்தேன். பாஸாகாதவர்களில் முதலில் பேசிய இரண்டொரு பேரிடம் வகுப்பில் பேசுவது போலத்தான் பேசினேன். அடுத்த முறை, முயற்சி, பாடத்திட்டம். அவர்கள் மரியாதையாக "சரிங்க மேடம்" என்றார்கள். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அடுத்து கூடலூர்ப் பையன். அப்பா இல்லாதவன், பகலில் ஜீப் ஓட்டிக்கொண்டு மாலையில் படித்தவன். எடுத்தவுடன், "அக்காவா?" என்றான். உன் எண்ணைப் பார்த்துப் பழக்கத்தில் வந்துவிட்டது. பிறகு அவனுக்கே உறைத்திருக்க வேண்டும்.  சொல்ல வைத்திருந்த ஒன்றும் எனக்கு வாயில் வரவில்லை. அந்தப் பக்கம் "குமுளி, குமுளி" என்று யாரோ ஜீப்புக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"வச்சிராதீக மேடம்" என்றான். "ஒண்ணும் பேச வேணாம். கொஞ்ச நேரம் அப்படியே இருங்க."

இருந்தேன்.