வாலு இப்போது கத்துவதில்லை

ஜூன் 4

அன்புள்ள உனக்கு,

உன் நலம் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதோ இல்லையோ, கேட்டுவைக்கிறேன். போன் செய்யாதே என்றாய், செய்யவில்லை.

உன் செல்ல நாய் வாலு ஞாயிற்றுக்கிழமை சோபாவிலிருந்து குதித்தான். அன்று முழுக்க முதுகைத் தொட்டாலே வீல் வீலென்று கத்தினான். மறுநாள் சத்தம் நின்றது. சரியாகிவிட்டான் என்று லிஃப்ட் பழுது பார்க்கக் கிளம்பிவிட்டேன். இப்போது பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்கிறான். நீ போன கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது. நடக்காத நாய்களை நடக்கவைப்பதுதானே உன் வேலை. ஏதாவது பயிற்சி எழுதி அனுப்பு.

உன் கணவன்

ஜூன் 7

உங்களுக்கு,

நாலு தடவை போன் செய்தேன். லிஃப்ட் குழிக்குள் இருந்திருப்பீர்கள்.

அது கோபமில்லை. முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது. என்னோடு படித்த கால்நடை டாக்டரை இந்தக் கடிதத்தோடு இன்றே அங்கே அனுப்புகிறேன். வாலுவின் பாதத்தைப் புரட்டிவைத்துப் பார்ப்பாள். நரம்பு சரியாக உள்ள நாய் உடனே திருப்பி ஊன்றும். பிறகு விரலை இடுக்கியால் அழுத்துவாள். அவன் கத்த வேண்டும். கத்தினால்தான் நரம்பில் இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

வாலுவின் அம்மா

ஜூலை 20

அன்புள்ள உனக்கு,

அன்றைக்கு அவன் கத்தவில்லை. டாக்டரின் கையை நக்கினான். "கத்தல் நின்ன அன்னைக்கே ஓடி வந்திருக்கணும் சார்" என்றாள். ஆபரேஷனுக்கு நேரம் கடந்துவிட்டதாம்.

ஆறு வாரமாக வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்து நிற்கவைக்கிறேன். சைக்கிள் மிதிப்பதுபோல் கால்களை அசைத்துவிடுகிறேன். சிறுநீரைக்கூட நான்தான் அழுத்தி எடுக்கிறேன். சக்கர வண்டி ஒன்றும் செய்து மாட்டினேன், இதோடு படம் வைத்திருக்கிறேன். கூடத்துச் சுவரையெல்லாம் இடித்துத் தள்ளுகிறான். பட்டால்தான் உங்களுக்குப் புத்தி வரும் என்பாயே, பட்டுவிட்டேன். வந்துவிடு.

உன் கணவன்

ஜூலை 26

உங்களுக்கு,

வண்டி நன்றாக இருக்கிறது. அச்சு கொஞ்சமும் கோணவில்லை. உங்கள் கைவேலையை நான் என்றுமே குறை சொன்னதில்லை.

கல்யாணமான முதல் இரண்டு வருடம் அழுதேன். மூன்றாவது வருடம் அழுகை நின்றுவிட்டது. நீங்கள் உங்கள் அக்காவிடம் போனில், "இப்ப சரியாயிட்டாக்கா, வீட்ல சத்தமே இல்ல" என்று சொன்னீர்கள். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. வலிக்கவில்லை. இதையே படித்த எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை.

வாலுவை டாக்டரிடம் ஒப்படைத்துவிடுங்கள், அவள் கொண்டுவந்து சேர்ப்பாள். நீங்கள் வர வேண்டாம். அவனுக்கென்றால் இன்னும் கொஞ்சநாள் முயன்று பார்ப்பேன்.

வாலுவின் அம்மா