தண்ணீர் ஊற்றக் கூடாது

மார்ச் 3, ஞாயிறு

எழுத்து கோணலாக இருக்கிறது. வரி ஏறுகிறது, இறங்குகிறது. நான் பேனாவை மண்வெட்டி மாதிரி பிடிக்கிறேன் என்று மாலை வகுப்பு டீச்சர் சொல்கிறார். எழுபத்திரண்டு வயதில் பிடித்த பேனா, மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? இந்த நோட்டை நான் மட்டும்தான் படிக்கப்போகிறேன். சரி, மன்னித்துவிட்டேன்.

இன்று ஒரு காரைக் கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தோம். அதைக் கார் என்று எழுதக் கை கூசுகிறது. நான்கு சக்கரம் வைத்த கக்கூஸ்.

என் மகள் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் இருபது வருடமாக வேலை பார்க்கிறாள். பழகுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று நாள் முழுக்கச் சொல்வது அவள் வேலை. தூக்கத்தில்கூடச் சொல்வாள். ஊருக்கு வெளியே இருக்கும் ஓடுதளத்தில் ஏப்ரல் 21 அன்று ஒரு பந்தயம். கழித்துக்கட்டப் போகிற பழைய வண்டிகளுக்கு மட்டும். நல்ல வண்டி வைத்திருப்பவர்கள் சேர முடியாது. ஓடுதளத்தை அடுத்த வருடம் இடித்துக் கிடங்கு கட்டப்போகிறார்களாம். அதனால் இதுதான் கடைசி. "ஒரே ஒரு தடவை வேகமாப் போய்ப் பாத்துடணும்பா," என்றாள். நாற்பத்தைந்து வயது அவளுக்கு.

பயிற்சிப் பள்ளிக் காரை மாப்பிள்ளை முன்னால் ஓட்டினார். பின்னால் கயிற்றில் இது. இதன் ஸ்டியரிங்கை மகள் பிடித்திருந்தாள், நான் பின்சீட்டில். ஒரு லாரிக்காரன் பக்கத்தில் வந்து, "என்ன பெருசு, பொணத்த எங்க கொண்டு போறீங்க?" என்றான். பதில் சொல்ல வாயைத் திறந்தால் நாற்றம் உள்ளே போகும். வாயை மூடிக்கொண்டேன்.

முப்பத்தெட்டு வருடம் பஸ் டிப்போவில் வண்டி கழுவியவன் நான். மனிதனுக்குள்ளிருந்து வெளியே வரக்கூடியது எல்லாவற்றையும் சீட்டுக்கு அடியில் பார்த்திருக்கிறேன். எனக்கே குமட்டியது. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தேன், ஆடு மாதிரி.

வீடு வந்ததும் மாப்பிள்ளை அந்தக் காருக்குள் தலையை விட்டுப் பார்த்தபடியே கடலை கொறித்தார். எப்படி இறங்குகிறதோ.

மார்ச் 4, திங்கள்

மாப்பிள்ளை ஹாலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டினார். ஒன்று பறந்து வந்து என் நோட்டில் விழுந்தது. அதையும் எழுதி வைக்கிறேன். இதோ, இந்த இடத்தில்தான் விழுந்தது.

மார்ச் 7, வியாழன்

எழுதத் தெரிந்ததில் எனக்கு ஒரு பெரிய சந்தோஷம். இத்தனை வருடமாக அருவருப்பை எல்லாம் முழுங்கிக்கொண்டிருந்தேன். இப்போது துப்புவதற்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

கார் ஓடுகிறது. புது பேட்டரி வைத்ததும் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. மகள் கைதட்டினாள். அவள் கைதட்டி நான் பார்த்து எவ்வளவு காலம்? காற்று வடிகட்டும் பெட்டியைத் திறந்தால் எலிக்கூடு. பஞ்சு, பிளாஸ்டிக் துண்டு, ஒரு சின்னக் குழந்தையின் சாக்ஸ். எலிகள் நல்ல வசதியாகத்தான் வாழ்ந்திருக்கின்றன.

மாப்பிள்ளைக்கு வீடுகளுக்கு ஒயரிங் செய்யும் தொழில். காரில் பாட்டுப் பெட்டி, கண்ணாடி ஏற்றும் மோட்டார் என்று பந்தயத்துக்குத் தேவையில்லாத ஒயர்களை உருவிக்கொண்டிருக்கிறார். எடை குறையுமாம். உருவிய ஒயரைப் பல்லால் கடித்துத் தோல் உரிக்கிறார். அந்தக் காரின் ஒயரை. பல்லால்.

எதிர்வீட்டுக்காரர் கேட் வரைக்கும் வந்து நின்றார். "உங்க வீட்டுல ஏதாவது செத்துக் கிடக்குதா, பாத்தீங்களா?"

"இன்னும் இல்லீங்க. நான் இருக்கேன்," என்றேன்.

மார்ச் 10, ஞாயிறு

இன்று என் நாள்.

இருவரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான் காரின் நான்கு கதவையும் திறந்தேன். டிப்போவில் பஸ்ஸின் உள்ளே எப்படிக் கழுவுவோம்? துடைப்பத்தை வைத்துக் கொஞ்சுவதில்லை. கடைசி சீட்டில் குழாயை வைத்து முழு வேகத்தில் திறந்துவிட்டால், குப்பை எல்லாம் முன்படி வழியாகத் தானே இறங்கி ஓடும். ஒரு பஸ்ஸுக்குப் பதினோரு நிமிடம்.

இதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. சோப்புத் தூள் கரைத்து ஊற்றி, பிரஷ் போட்டு, சீட்டுக்கு அடியில் குழாயைச் செருகி அடித்தேன். முதலில் கறுப்புத் தண்ணீர். பிறகு பழுப்பு. பிறகு நான் இதுவரை பார்க்காத ஒரு நிறம். ஆஹா. சட்டையெல்லாம் நனைந்து, நான் இளைஞனாகிவிட்டேன்.

கல்யாணத்திலிருந்து வந்த மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் அவளே பார்த்து ஆச்சரியப்படட்டும்.

மார்ச் 11, திங்கள்

கார் கிளம்பவில்லை. சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

மகள் சுத்தத்தைக் கவனிக்கவே இல்லை. நேராக மாப்பிள்ளையிடம் போனாள். "சனிக்கிழமை வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு? எந்த ஒயரைப் பிடுங்கினீங்க?"

அவர் முன்சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். ரொம்ப நேரம் துழாவினார். எழுந்து என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "ஏதோ தப்பா அறுத்துட்டேன் போலிருக்கு. பாக்கறேன்," என்றார்.

பார்க்கிறாராம். ஒயரைப் பல்லால் கடிக்கிற ஆளிடம் வண்டியைக் கொடுத்தால் வேறு என்ன ஆகும்? நாற்றமும் போகவில்லை. ஈரத்தில் கூடியிருக்கிறது.

மார்ச் 14, வியாழன்

தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன். கிரீஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நாற்றத்துக்கு ஏதாவது மருந்து உண்டா, குழாய் போட்டு அடித்தும் போகவில்லையே என்று கேட்டேன்.

"எங்க அடிச்சீங்க?"

"உள்ளதான்."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். "ஏங்க, அது என்ன பஸ்ஸா? அந்த வண்டிக்கு மூளையே முன்சீட்டுக்கு அடியிலதானே இருக்கு. ஒரு சின்னப் பொட்டி. அதுல தண்ணி போச்சுன்னா எஞ்சின் செத்த மாதிரிதான்."

நான்தான். ஐயோ, நான்தான். குழாயை அங்கதானே செருகினேன். ரெண்டு மணி நேரம் — அங்கயேதான் — சிரிச்சுக்கிட்டு.

மார்ச் 15, வெள்ளி

சொல்லவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

இன்றும் சொல்லவில்லை.

இரவுச் சாப்பாட்டில் மகள் மாப்பிள்ளையின் தட்டை மேஜையில் டொக்கென்று வைத்தாள். ஐந்து நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை. இன்றைக்குப் பேசினாள். அதற்குப் பேசாமலேயே இருந்திருக்கலாம். "கல்யாணமாகி பதினெட்டு வருஷத்துல எனக்குன்னு நான் கேட்டது இது ஒண்ணுதான். உங்களால அதைக்கூட ஒழுங்கா விட்டுவைக்க முடியலல்ல?"

மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். சத்தமே வரவில்லை. அவர் மெல்லும் சத்தம் எனக்குப் பதினெட்டு வருடமாகச் சகிக்க முடியாத சத்தம். இன்று அது இல்லாமல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். "என்னப்பா, நாத்தமா?" என்று மகள் கேட்டாள்.

ஆமாம் என்றேன். எது நாறுகிறது என்று சொல்லவில்லை.

டிப்போவில் ஒருவன் இருந்தான். தான் கழுவாத பஸ்ஸை இன்னொருவன் கணக்கில் தள்ளிவிடுவான். அவனோடு உட்கார்ந்து டீ குடிக்கமாட்டேன். அப்படி ஒரு வெறுப்பு. இப்போது என் டீயை நானே குடிக்கமாட்டேன் போலிருக்கிறது. கண்ணாடியில் மூஞ்சியைப் பார்த்தேன். சீ.

மார்ச் 21, வியாழன்

மகள் வேலைக்குப் போனதும் ஷெட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பெட்டி, மூடி திறந்து. ஒரு பல் தேய்க்கும் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து, உள்ளே பச்சை பூத்துக் கிடந்த கம்பிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஊசி முனை அளவுதான் ஒவ்வொன்றும்.

"மாப்பிள்ளை," என்றேன். அதற்கு மேல் வரவில்லை. எழுதினால் வந்திருக்கும். "தண்ணி... நான்தான். குழாய் போட்டேன்."

"தெரியும் மாமா."

"எப்போ?"

"அன்னைக்கே. சீட்டுக்கு அடியில கை வெச்சேன், சோப்பு நுரை கையோட வந்துச்சு. இந்த வீட்டுல சோப்பு போட்டுக் காரைக் கழுவுற ஆளு வேற யாரு?" அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அப்போ ஏன் வாயத் தொறக்கல? பத்து நாளா அவ உங்களத் திட்டுறாளே."

"என்னைத் திட்டினா அவளுக்குப் பழக்கம். உங்களைத் திட்டிட்டா ராத்திரி தூங்கமாட்டா." பிரஷ்ஷை ஒரு தடவை ஊதினார். "வேலை செய்யணும்னுதானே மாமா செஞ்சீங்க."

மூக்கைச் சிந்தி, கையை லுங்கியில் துடைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அந்தப் பிரஷ் அவருடையதுதான், நீல நிறம், எனக்கு நன்றாகத் தெரியும். நாளைக்குக் காலையில் எதை வைத்துப் பல் தேய்ப்பார்? கேட்கவில்லை. சில விஷயம் தெரியாமல் இருப்பது நல்லது.

மார்ச் 22, வெள்ளி

மகளிடம் சொன்னேன். மாப்பிள்ளை வேண்டாம் என்று கண்ணைக் காட்டியும் சொன்னேன். அவர் ஒரு ஒயரும் தப்பாக அறுக்கவில்லை என்பதை இரண்டு தடவை சொன்னேன்.

அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் கடலை டப்பாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து ஷெட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவரும் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. தெரியக் கூடாது. நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

காலையில் காரின் முன்கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மகளின் எழுத்து, பெரிது பெரிதாக. எழுத்துக் கூட்டிப் படித்தேன்:

அப்பா செய்ய வேண்டியது. பழைய தரைவிரிப்பை எடுக்கணும். நாத்தம் எங்கேன்னு கண்டுபிடிக்கணும். துணி மட்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது.

கடைசி வரிக்கு அடியில் மூன்று கோடு.

அவள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த எல்லாக் காகிதத்தையும் அவள்தான் எனக்குப் படித்துச் சொன்னாள். நான் படிப்பேன் என்று நம்பி அவள் எழுதிய முதல் காகிதம் இது. திட்டுதான். நான்கு தடவை படித்தேன்.

மார்ச் 28, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். எலி இல்லை, பிணம் இல்லை. டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கினால் அடியில் குழி. குழியில் வெடித்துப்போன மூன்று பால் பாக்கெட். எத்தனை மாதமோ. அது பாலும் இல்லை தயிரும் இல்லை, பச்சையாக மயிர் முளைத்து, தொட்டால் அசைந்தது. குழிக்கு அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கிறது. தண்ணீர் வடிய வைத்திருக்கிறார்கள். அதைப் பிடுங்கியிருந்தால் அன்றைக்கே வடிந்து போயிருக்கும். நான் அதற்கும் மேலே தண்ணீர் ஊற்றிப் பாயசம் ஆக்கி வைத்திருந்தேன்.

கையால் அள்ளினேன். இரண்டு தடவை வெளியே போய் வாந்தி எடுத்தேன். முப்பத்தெட்டு வருடத்தில் எடுக்காத வாந்தி. ரொம்பத் திருப்தியாக இருந்தது.

துணி மட்டும்தான். ஒன்பது துணி.

சாயங்காலம் மாப்பிள்ளை பெட்டியை மாட்டினார். முதல் முறை பிடிக்கவில்லை. இரண்டாவது முறை பிடிக்கவில்லை. ஐந்தாவது முறை தும்மிக்கொண்டு கிளம்பியது. மகள் கைதட்டவில்லை. மாப்பிள்ளையின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

ஏப்ரல் 13, சனி

பந்தய வண்டியில் எண் எழுத வேண்டுமாம். எங்களுக்குப் பதினேழு. மகள் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் என் கையில் கொடுத்தாள்.

"என் எழுத்து கோணும்மா."

"கார் மட்டும் நேராவா இருக்கு? எழுதுங்க."

இரண்டு கதவிலும் 17 எழுதினேன். ஏழு கொஞ்சம் படுத்துக்கொண்டது. பெயின்ட் மீதி இருந்தது. அவள் டிக்கியைக் காட்டி, "இங்க அதையும் எழுதிடுங்க," என்றாள். எதை என்று கேட்கவில்லை. பெரிதாக எழுதினேன். மாப்பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்ததில் புரையேறி, கடலைத் துண்டு ஒன்று ஈரப் பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டது. எடுக்கப் பார்த்தால் எழுத்து கலையும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பார்க்கச் சகிக்கவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

இருபத்துமூன்று வண்டி. மூன்று மணி நேரம். மகள் வந்தது பதினாறாவது. ஏழு வண்டி பாதியிலேயே நின்றுவிட்டது. அதனால் ஓடி முடித்தவற்றில் நாங்கள்தான் கடைசி. எங்கள் வண்டி நிற்கவில்லை, அதுதான் கணக்கு.

வேலிக்கு இந்தப் பக்கம் நானும் மாப்பிள்ளையும் நின்றோம். முதல் வளைவில் அவள் ஒடித்துத் திருப்பியபோது எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது — மெதுவா. மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை பிசுபிசுவென்று இருந்தது. விடவில்லை, நானும்.

எங்கள் வண்டியை முந்திப் போக வந்தவர்கள் எல்லாரும் முந்துவதற்கு முன்னால் ஒரு முறையாவது என் எழுத்தைப் படித்திருக்க வேண்டும். 'தண்ணீர் ஊற்றக் கூடாது.' எண்பத்தொரு சுற்று. கோணல் கோணலாக என் எழுத்து அந்த வேகத்தில் போனது.

வண்டியை நிறுத்தியதும் அவள் ஹெல்மெட்டைக் கழற்ற முடியாமல் கழற்றி, அதற்குள்ளேயே வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டுச் சிரித்தாள். "அப்பா, மெதுவாப் போகவே இல்ல நான்," என்றாள். மாப்பிள்ளைக்கு அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டியதாகிவிட்டது. அவருக்கும் அருவருப்பு உண்டு என்று இன்றுதான் தெரிந்தது.

ஹெல்மெட்டை நான்தான் சுத்தம் செய்தேன். துணியால்.

திரும்பி வரும்போது சாப்பிட ஒரு கடையில் நிறுத்தினோம். மகளும் நானும் இந்தப் பக்கம், அவர் தனியாக எதிரில் என்றுதான் எப்போதும் உட்காருவோம். இன்று நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சாப்பிட்டார், சத்தமாக. காதுக்குள் மெல்லுகிற மாதிரி. அருவருப்பாகத்தான் இருந்தது. நகர்ந்து உட்காரவில்லை.

கை வலிக்கிறது. வேலியை இறுக்கிப் பிடித்த வலி, எழுதிய வலி இல்லை. கார் இப்போது ஷெட்டில் இருக்கிறது. பின்சீட்டுக்கு அடியில் புதிதாக ஒரு நாற்றம் வருகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்த்துவிட்டு, அது என்னவென்று இங்கே எழுதுவேன்.